செக்கிங் சென்னியப்பன் பூக் கேட்ட கதை

உப்பு எங்கே இருக்கிறது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் இருந்த டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்தாகிவிட்டது. ஒன்றில் கடுகு, ஒன்றில் படிகாரம், இன்னொன்றில் மகள் பழனாயி சின்ன வயதில் போட்டிருந்த கொலுசு. உப்பை மட்டும் காணோம். "ஏ புள்ளே, உப்பை எங்க வெச்சே?" என்று பழக்க தோஷத்தில் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் மருதாள் வீட்டில் இல்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

மருதாள் அவருடைய மனைவி. அமாவாசைக்குச் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று காங்கேயம் ரோட்டு ஆசிரமத்துக்குப் போனவள். அதற்குப் பிறகு நிலா தோன்றிப் பாதி வளர்ந்துவிட்டது. ஆள் வரவில்லை.

சென்னியப்பன் உப்பில்லாமலே கஞ்சியைக் குடித்தார். அதில் குறை சொல்ல நிறைய இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

குறை சொல்வது அவருக்குத் தொழில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மேஸ்திரி. தைத்து வந்த பனியனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஏதாவது இருந்தால் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிப் போட்டுவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது. செக்கிங் சென்னியப்பன் என்றால் நொய்யலுக்கு இரண்டு கரையிலும் தெரியும்.

ஆனால் வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வர மனுஷனுக்குத் தெரியாது. வீட்டில் ரசத்தை டம்ளரில் ஊற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். மருதாள் மடித்து வைத்த வேட்டியை உதறி மறுபடியும் மடிப்பார். கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போயிருந்தால் அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். கை ஓங்கியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை, குடியும் இல்லை. ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர். மகள் கல்யாணத்தில் சாம்பார் தண்ணியாகப் போனதை மட்டும், அந்த மகளுக்கே குழந்தை பிறந்து அது நடக்க ஆரம்பித்த பிறகும் மருதாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசிரமத்துச் சாமியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போது குழாய் மாதிரி, எங்கும் தையல் இல்லாமல் இறங்கும். அப்படி இறங்கிய வெள்ளைத் துணியைக் கத்திரி படாமல் அப்படியே தலை வழியாக மாட்டிக்கொண்டு ஒருவர் காங்கேயம் ரோட்டுத் தோட்டம் ஒன்றில் வந்து உட்கார்ந்தார். ஆத்மாவை ஆண்டவன் தையல் இல்லாமல்தான் நெய்து அனுப்புகிறான், புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் நாமாகப் போட்டுக்கொண்ட தையல், பிரித்தால்தான் மோட்சம் என்றார். தையலில்லாச் சாமி என்று பக்தர்கள் சொன்னார்கள். குழாய்ச் சாமி என்று மற்றவர்கள் சொன்னார்கள். முன்னே பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்து விலக்கப்பட்ட ஆள் என்று ஒரு பேச்சு உண்டு.

பக்தர்கள் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரைக்கும் கழிவுத் துணியை நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பெயர் பாசத்தைப் பிரிப்பது. பிரித்த நூலை இஞ்சின் துடைக்கிற வேஸ்ட் என்று சாமி லாரியில் ஏற்றி விற்றார். பக்தர்களுக்கு ஒரு வேளைக் கூழ். அழுதாலோ, சொந்தக்காரரைப் பார்த்துச் சிரித்தாலோ தலையில் கருங்கல்லை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் சென்னிமலை என்ற சீடன் புளிய விளாரால் முழங்காலில் போடுவான். பெண்களின் தோடும் மூக்குத்தியும் சாமியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டன. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஜனங்கள் போனார்கள் என்பதுதான் வருத்தம்.

சென்னியப்பன் ஒரு விடுமுறை நாளில் குளித்து, வேட்டியைத் தாமே மடித்துக் கட்டிக்கொண்டு, மருதாளைக் கூட்டிவரப் போனார். சாமி அனுப்பர்பாளையத்துப் பித்தளை மணையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. வாங்க என்று கை கூப்பினார்.

"கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றதுக்கு நான் யாருங்க? வேண்டாம்னு சொல்றதுக்கும் நான் யாருங்க? பூவைக் கேட்டுப் பாத்துருவோமுங்க" என்றார்.

சென்னியப்பனால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தில் பூக் கேட்காமல் நல்ல காரியம் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து, நூலால் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவதும் பெண் எடுப்பதும் அப்படித்தான். மருதாளையே அவர் வீட்டார் பூக் கேட்டுத்தான் எடுத்தார்கள். பூ வாக்கை மீறினால் குடும்பம் விளங்காது என்று அவர் அப்பன் நம்பினார், பாட்டன் நம்பினார், அவரும் நம்பினார்.

ஆசிரமத்தில் பூக்கட்டுகிறவள் நஞ்சம்மாள். முதல் தாலியை அறுத்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்ட பெண், குழந்தைகளோடு தோட்டத்து மூலைக் குடிசையில் இருந்தாள். அவள் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து மணைக்கு முன்னால் வைத்தாள். போக வேண்டியது யாரோ அவர்தான் எடுக்க வேண்டும். பூவின் மேல் வெயில் படக் கூடாது என்பதால் முந்தானைக்குள் வைத்து அவிழ்ப்பது அங்கே முறை. மருதாள் ஒன்றை எடுத்தாள், முந்தானைக்குள் அவிழ்த்தாள், உள்ளங்கையில் பூவை வைத்துக் காட்டினாள்.

சிவப்பு.

சென்னியப்பன் தனியே வீடு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் யோசித்தார். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னதில், விவரம் தெரிந்த பொம்பளை தானாகப் போய் இருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். கணியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த பழனாயிக்கு ஆள் விட்டார். அவள் பதறி ஓடிவருவாள் என்று எதிர்பார்த்தார். அம்மா கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அந்த ஆளிடமே சொல்லி அனுப்பிவிட்டாள். பெண்ணையும் அந்தச் சாமி மயக்கிவிட்டானோ என்று சென்னியப்பனுக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகம் வந்த பிறகு அவருக்குச் செக்கிங் கண் திறந்துகொண்டது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே கட்டியிருப்பான். இது ஏன் அப்போதே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த முறை போகும்போது சாட்சிக்குக் கட்டிங் டேபிளிலிருந்து வெள்ளையனையும் ஆறுச்சாமியையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் அவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, ஏமாற்றுக்காரனை எப்படிப் பிடிக்கிறேன் பாருங்கள் என்றார். மறுபடியும் பூக் கேட்டார்கள். மருதாள் மறுபடியும் சிவப்பைக் காட்டினாள். சென்னியப்பன் ஒரே எட்டில் போய் மற்றப் பொட்டலத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க நூலை அறுத்தார்.

உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

அவர் நம்பவில்லை. பூவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இதழைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். சுத்தமான வெள்ளை, ஒரு குறையும் இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் வெள்ளையன் சாமி காலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தான். அவன் எழுந்து வேலைக்கு வரவேயில்லை. ஆறுச்சாமி மட்டும் மறுநாள் வந்து, விஷயத்தைக் கம்பெனி முழுக்கச் சொன்னான். அந்த வாரமே பனியனுக்குக் கை மடிக்கிற பெண்கள் சிலர் ஆசிரமத்துக்குப் போய்விட்டார்கள். கட்டிங் நின்றது, மடிப்பு நின்றது. முதலாளி நாச்சிமுத்து கூப்பிட்டு, ஊட்டு வெவகாரத்தை ஊட்டோட வெச்சுக்கக் கூடாதுங்களா மேஸ்திரி என்று மரியாதையாகவே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. புருஷன் பூ வாக்கைச் சந்தேகப்பட்டதற்குத் தண்டனை மருதாளுக்கு விழுந்தது.

சென்னியப்பன் அதைக் கேள்விப்பட்டு ஓடியபோது நல்ல உச்சி வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தலையில் கருங்கல்லோடு நின்றாள். முழங்காலில் விளார் பட்ட தடம் இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சென்னிமலை நிழலில் உட்கார்ந்து கண் மூடியிருந்தான். சென்னியப்பன் வேலி ஓரமாக நெருங்கிப் போனார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளிடம் குறை தவிர வேறு எதைப் பற்றியும் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

"ஏ புள்ளே, வலிக்குதா?" என்றார் கடைசியில்.

மருதாள் கல்லோடு மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். யாரோ வேற்றாள் கேட்டுவிட்ட மாதிரிப் பார்த்தாள்.

"பழகிருச்சுங்க."

"ஊட்டுக்கு வந்துரு. இப்பவே போலாம். இவன் மனுசனே இல்ல."

"பூ வரலீங்களே" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தாழ்ந்த குரலில் இன்னும் கொஞ்சம் சொன்னாள். "இங்க தப்புப் பண்ணுனா வெயில்ல நிக்கச் சொல்றாங்க. நின்னு முடிச்சா அந்தத் தப்பு தீந்துருதுங்க. மறுக்கா அதைப் பத்தி ஆரும் பேசறதில்லீங்க."

படுபாவி மூளையைக் கெடுத்துவிட்டான் என்று சென்னியப்பன் பல்லைக் கடித்தார். அவருக்கு அப்படித்தான் புரிந்தது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஓட்டை எப்போதும் எதிரே தூக்கிப் பிடித்த துணியில்தான் இருக்கும் என்றே பழகிவிட்ட ஆள்.

அந்தச் சமயத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் போலிச் சாமியார்களைப் பற்றி ஒரு தொடர் வெளியாகிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு ஆசிரமத்துக்கு நேரே போய், அங்கே நடக்கிற அக்கிரமத்தை விலாவாரியாக எழுதுவார்கள். எழுதுகிறவர் ஞானசம்பந்தம் என்ற நிருபர். அவர் எழுதி ஒரு சாமியார் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடியிருந்தார், இன்னொருவர் ஜெயிலில் இருந்தார். சென்னியப்பன் பஸ் ஏறிப் போய் அவரைக் கையோடு பார்த்துவிட்டார். கல், வெயில், விளார், இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னார். நிருபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் உங்கள் சாமிதான் என்றார்.

இந்தத் தடவை தப்பு நேரக் கூடாது. சென்னியப்பன் நஞ்சம்மாள் குடிசைக்குப் போனார். நல்ல பனியனாக ஒரு கட்டு எடுத்துப் போயிருந்தார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். எதை எடுத்தாலும் வெள்ளை வரும். மருதாளை அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்ப மாட்டேன் என்று சாமி சாதித்தால், தன் வாக்கைத் தானே மீறினான் என்று நிருபர் எழுதிவிடுவார். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வான்.

நஞ்சம்மாள் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பனியனாக வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. தம் கையால் பாஸ் பண்ணிய பனியனை ஒருத்தி இப்படிப் பார்ப்பது அவருக்கு அதுவரை நேர்ந்ததில்லை. அதற்குப் பிறகு அவள் நிதானமாக, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?" என்றாள்.

"அவகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? பூ வந்தா வந்துருவா."

நஞ்சம்மாள் பனியனை மடித்து உள்ளே வைத்தாள். சரிங்க, நீங்க சொன்ன மாதிரியே கட்டிடறனுங்க என்றாள்.

நிருபர் வந்த அன்றைக்குக் கூட்டம் தோட்டத்துக்கு வெளியே வரை நின்றது. ஞானசம்பந்தம் ஜிப்பாவும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாமி கொஞ்சம் வெளிறித்தான் போயிருந்தார். பத்திரிகை அவருக்கும் தெரியும். சென்னியப்பன் வாழ்நாளில் முதல்முறையாகக் கூட்டத்தில் எழுந்து பேசினார். இத்தனை நாள் சிவப்பு வந்தது, இன்றைக்கு வெள்ளை வரும், வந்தால் என் சம்சாரத்தை இந்த நிமிஷமே என்னோடு அனுப்ப வேண்டும் என்றார். சாமி சரி என்று தலையை ஆட்டினார்.

மருதாள் வந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சென்னியப்பன் அதற்குள் அவளுடைய துணிமூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுவிட்டார். அவள் முந்தானைக்குள் அவிழ்த்து, கையை நீட்டினாள்.

சிவப்பு.

நிருபர் குதித்து எழுந்து மற்றதைப் பிரித்தார். வெள்ளை. அவர் சென்னியப்பனைப் பார்த்தார், சென்னியப்பன் நஞ்சம்மாளைப் பார்த்தார், நஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள். சாமியே பித்தளை மணையிலிருந்து பாதி எழுந்து பூவை எட்டிப் பார்த்தார். ஒருவேளை தனக்கு நிஜமாகவே ஏதாவது சக்தி இருக்கிறதோ என்று அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலில் தோன்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் நடை மாறிவிட்டது.

அந்த வாரம் தொடரில் தையலில்லாச் சாமி வந்தார். அக்கிரமங்களைப் பற்றியும் நாலு வரி இருந்தது. ஆனால் தலைப்பு, 'போலிகளைத் தேடிப் போனேன், ஒரு புதிரைக் கண்டேன்' என்று இருந்தது. இத்தனை ஆசிரமம் பார்த்தேன், தில்லுமுல்லு கண்டுபிடிக்க முடியாத ஒரே இடம் இதுதான் என்று நிருபர் மனம்விட்டு எழுதியிருந்தார். தாராபுரத்திலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் புதுக் கொட்டகை போட்டார்கள். வெயிலில் நிற்கிறவர்கள் வரிசை நீண்டுவிட்டது. சென்னிமலைக்குத் துணையாக விளாரோடு இன்னொருவனையும் வைத்தார்கள்.

சென்னியப்பன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வரிசையைப் பார்த்தார். கம்பெனிப் பெண்கள் நின்றார்கள். வெள்ளையன் நின்றான். ஒருத்தியை வெளியே கொண்டுவரப் போய் இத்தனை பேரை உள்ளே தள்ளிவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார். செக்கிங் டேபிளில் பனியனைத் தூக்கிப் பிடித்தால் கண்ணில் நீர் நிறைந்து ஓட்டை தெரியவில்லை. செகண்ட்ஸ் எல்லாம் பாஸாகிக் கொச்சிக்குப் போயின. அங்கிருந்து முதலாளிக்குப் புகார் வந்தது.

வீட்டில் அவரே சமைத்தார். ஒருநாள் ரசம் வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை. அதைக் குடித்துக்கொண்டே, மருதாள் வைத்த ரசம் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை என்று நினைத்தார். அதை ஒரு தடவைகூட அவளிடம் சொல்லவில்லை என்பது அதற்கப்புறம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்த மனுஷன் அழுதார். அவள் வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார். வேட்டி நன்றாக மடித்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். அந்தச் சாம்பாரில் ஒன்றும் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நடுவே ஒரு பூ மட்டும் வழிமறித்துக்கொண்டு நின்றது.

எல்லாம் நஞ்சம்மாள் செய்த துரோகம். கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

அவள் கிணற்றோரம் அரளிச் செடியில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். தூரத்துக் கொட்டகையில் மருதாள் குனிந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, மருதாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று சென்னியப்பனுக்கு நினைவில்லை.

"ஏம்மா, பனியனை வாங்கிட்டு இப்படிப் பண்ணிட்டியே. ரெண்டுலயும் வெள்ளை வெக்கறேன்னு சொன்னியல்ல?" என்றார். குரலில் கோபம்கூட வரவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளைதானுங்ண்ணா வெச்சேன். என் குழந்தைக மேல சத்தியமா."

"அப்பறம் செவப்பு எங்கிருந்து வந்துச்சு? அந்தக் குழாய்ச் சாமி மந்திரம் போட்டானா?"

நஞ்சம்மாள் பூக்கூடையைக் கீழே வைத்தாள். கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"சாமிக்கு ஒண்ணும் தெரியாதுங்ண்ணா. பூ ஊட்டுக்குப் போன்னு சொல்லிருமோன்னு பயந்துட்டு, அக்காதான் மொத நாள்ல இருந்தே மடியில ஒரு செவப்பு அரளி முடிஞ்சு வெச்சுட்டு வர்றாங்க."